மூச்சு வாங்கும் சத்தம்

பட்டாணியின் ஷூக்களை அப்பா பீரோவின் உச்சியில் தூக்கி வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாமல் படுக்கப் போன இடத்தில்தானே போன வாரம் இவர்களை விட்டுவிட்டு வந்தோம்? அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. விடிந்ததும் மௌனத்தை உடைத்தவள் அம்மா.

வாயைத் திறந்தல்ல. சமையலறை ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து.

ஓட்டுநர் சீருடையோடு ஸ்டூல் மேல் ஏறி, ஷூ ஜோடியை எடுத்து, கீழே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற மகளின் கையில் திணித்தாள்.

"போ, ஓடிட்டு வா. இன்னைக்கு நீ ஓடாமப் போனா காலேஜ் வாசலோட திரும்பிடுவே. எனக்குத் தெரியும்."

"அப்பா திட்டுவாரும்மா."

"ஒரு பஸ் நிறைய ஆளுங்களைச் சமாளிக்கிறேன். ஒத்தை ஆளைச் சமாளிக்க மாட்டேனா?"

ஒத்தை ஆள் படுக்கையில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

இந்த வாரம்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். "நான் ஊரைக் குறுக்கால கொண்டு போறேன், இவர் மேலயும் கீழயும் கொண்டு போறார். மொத்தத்துல ஊர் எங்க கையில" என்பது அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் ஜோக். மூத்தவன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். பிறந்தபோது உருண்டையாக, ஒரு கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் மகள் பட்டாணி ஆனாள். இப்போது அப்பாவைவிட உயரம். பேர் மட்டும் வளரவில்லை.

போன வருஷம், கல்லூரிப் பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் புரட்டியபோது அவளுக்கு நெஞ்சு திடுதிப்பென்று அடிக்க ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு உள்ளே போகவில்லை. செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நினைத்தாள். ஆம்புலன்ஸில் தூக்கிப்போனார்கள். எல்லாப் பரிசோதனையும் செய்து, இதயம் பழுதில்லை, இது பதற்றம் என்றார்கள். இதயம் சரிதான். பயம்தான் வீட்டுக்குக் கூடவே வந்துவிட்டது. அடுத்து வகுப்பில் வந்தது. அதற்கடுத்து பஸ்ஸில், அதுவும் அம்மா ஓட்டிய பஸ்ஸில். மெல்ல மெல்ல அவள் வெளியே போவதை விட்டாள். பிறகு அறையை விட்டு வருவதையும் விட்டாள்.

டாக்டர் மருந்து கொடுத்தார். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் போய்ப் பேசினாள். அந்த அம்மாள்தான், "பேச்சும் மருந்தும் ஒரு பக்கம். உடம்பையும் தினமும் கொஞ்சம் அசைக்கணும். மனசு அதுக்கப்புறம்தான் நம்ம பேச்சைக் கேக்கும்" என்றார். பட்டாணி அசைவதாக இல்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா ஒரு பொய் சொன்னாள். "விடியக்காலையில டிப்போவுக்குத் தனியா நடந்து போக பயமா இருக்குடி. துணைக்கு வர்றியா?"

அம்மாவுக்குப் பயமாம்! லாரிக்காரனை ஜன்னல் வழியாக எட்டித் திட்டுகிற அம்மாவுக்கு! பொய் என்று தெரிந்தேதான் பட்டாணி போனாள். பாதி தூரம், பிறகு முழு தூரம். திரும்பி வரும்போது தனியாக. தனியாக வர வெட்கமாக இருந்ததால் வேகமாக. வேகம் எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே தெரியாது. டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் அவள் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் ஓடுவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

ஓடிய மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடப்போவதில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு பசி. கெட்ட நாட்களும் நடுநடுவே வந்தன. ஆனால் ஒரு காலை, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்தவள் வாசல் மிதியடியில் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து கெக்கெக்கே என்று சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அம்மா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்பாதான் அதில் சேரவில்லை. மகள் ஓடிவிட்டு வந்து, இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்குவாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இன்று அவள் மறுபடி கல்லூரிக்குப் போகும் முதல் நாள். "படிப்பு ஆரம்பிச்சாச்சு, இனி இந்த ஓட்டமெல்லாம் போதும்" என்று சொல்லித்தான் ஷூவைப் பீரோ மேல் ஏற்றினார்.

பட்டாணி ஓடிவிட்டு வந்தாள். குளித்தாள். ரொட்டியை டீயில் தோய்த்து நின்றுகொண்டே தின்றாள்.

"உக்காந்து சாப்பிடு" என்றார் அப்பா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

"லேட்டாயிடும்ப்பா."

"வண்டியில கொண்டு விடறேன். உக்காரு."

உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஷூ விஷயம் ஒரு மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. யாரும் அதற்கு டீ கொடுக்கவில்லை.

பாதி வழியில் அப்பாவின் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினார்.

"எந்த பில்டிங்? ...ஆமா, பக்கத்துலதான் இருக்கேன். உள்ள எத்தனை பேர்? ...ஒரே ஆளா? பொண்ணா?" அவர் முகம் மாறியது. "என்னோட பார்ட்னர் எங்க? ...அவன் அந்தக் கோடியில இருக்கானா? சரி, கதவைத் தொடாதீங்க. யாரும் தொடக்கூடாது. வந்துடறேன்."

போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். "உன்னை ஒரு ஆட்டோவுல ஏத்தி விடவா?"

"நீங்க போங்கப்பா. நானும் வரேன்."

அந்தக் குடியிருப்பின் வாசலில் சின்னக் கூட்டம். காவலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தார். பள்ளிக்குக் கிளம்பிய பெண், நாலாவது மாடியிலிருந்து ஏறியிருக்கிறாள். மூன்றாவது மாடிக்குச் சற்று மேலே லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது.

அப்பா படிகளில் தாவி ஏறினார். மூன்றாவது மாடிக்கு வந்தபோது அவருக்கு நாக்கு வெளியே தள்ளியது. பக்கத்தில் பட்டாணி சாதாரணமாக நின்றாள்.

லிஃப்ட் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு நீளமான கண்ணாடி இருந்தது. அதன் மேல்பாதியில், இருட்டுக்குள், பள்ளி ஷூ அணிந்த இரண்டு கால்கள் தெரிந்தன. மேலே நின்றுவிட்ட பெட்டியின் உள்கதவை அந்தப் பெண் கையாலேயே நெம்பித் திறந்துவிட்டிருந்தாள். இப்போது வெளிக்கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உதைக்கும் கதவு அதிர்ந்தது.

பெட்டிக்கும் தரைக்கும் நடுவே ஆள் நுழைகிற அளவு இடைவெளி. கதவு திறந்து, அவள் அவசரத்தில் வெளியே குதித்துக் கால் தவறினால், பெட்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்குள்தான் போவாள். கீழே மூன்று மாடி ஆழம்.

"பாப்பா! கதவை விடும்மா! பின்னால போ!"

உதை நிற்கவில்லை. ஒரு அலறல் மட்டும் வந்தது. "மூச்சு முட்டுது! திறங்க! செத்துடுவேன்!"

"பயப்படாதேம்மா! தைரியமா இரு!" காவலாளி கத்தினார். "அழாதே! ஒண்ணும் ஆகாது!" என்று நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். உள்ளே அலறல் இன்னும் கூடியது.

மொட்டை மாடியில் இருக்கும் இயந்திர அறைக்குப் போய், கரண்டைத் துண்டித்து, பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பித்தான் பெட்டியை இறக்க வேண்டும். எப்போதும் இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் மேலே, ஒருவர் கதவருகே. உள்ளே இருப்பவர் கதவைவிட்டு விலகினால்தான் பெட்டியை நகர்த்தலாம். கால் வெளியே நீட்டியிருக்கும்போது நகர்த்தினால்... அப்பா அதற்கு மேல் நினைக்கவில்லை. இந்த வேலையில் தலைமயிர் நரைத்தவர். ஆனாலும் அந்த நிமிஷம் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அப்பா." பட்டாணி அவர் தோளைத் தொட்டாள். "எனக்குப் போன் போட்டுட்டு, கட் பண்ணாம மேல போங்க. அவ கதவை விட்டதும் சொல்றேன். எல்லாரையும் இங்கிருந்து போகச் சொல்லுங்க."

"உன்னால..." என்று ஆரம்பித்தார்.

"போங்கப்பா."

அவர் போனார். மகளின் குரல் காதோரம் வைத்த போனில் கேட்டுக்கொண்டே வந்தது. முதலில் கூட்டம் இறங்கிப்போகும் சத்தம். பிறகு அவள், கத்தாமல், பக்கத்து நாற்காலியில் இருப்பவளிடம் பேசுகிற மாதிரி:

"உள்ள இருக்கிற தங்கச்சி. நான் உன்னைப் பயப்படாதேன்னு சொல்லப் போறதில்லை. பயமாத்தான் இருக்கும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

உதை நின்றது. ஒரு விசும்பல். "...ஆமா."

"விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா? தொண்டையில யாரோ கையை வச்ச மாதிரி?"

"ஆமா! ஆமாக்கா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வந்திருக்கு. நிறைய தடவை. ஒவ்வொரு தடவையும் செத்துடுவேன்னுதான் நெனச்சேன். ஒரு தடவைகூடச் சாகலை பாரு."

மாடிப்படியில் அப்பாவுக்கு இது கேட்டது. ஐந்தாவது மாடி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

"நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்குக்கா."

"வெடிக்காது. நான் இன்னைக்குக் காலையில மைதானத்துல ஓடினேன். ஓடி முடிச்சு நின்னப்போ, உனக்கு இப்ப அடிக்குதே, இதைவிட வேகமா அடிச்சுது. கொஞ்ச நேரத்துல தானா அடங்குச்சு. பயந்தாலும் அது இப்படித்தான் அடிக்கும், ஓடினாலும் இப்படித்தான் அடிக்கும். நெஞ்சுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நமக்குத்தான் அது தெரியறதில்லை. எனக்குத் தெரிஞ்சுக்க ரொம்ப மாசமாச்சு."

"நான் இங்கேயே மாட்டிக்குவேனா?"

"மாட்டே. எங்க அப்பா மேல போயிட்டிருக்கார். இந்த ஊர்ல பாதி லிஃப்டுக்கு அவர்தான் வைத்தியர். நான்கூட மாட்டிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? லிஃப்டுல இல்லை. என் ரூம்ல. கதவுக்குப் பூட்டே கிடையாது. ஆனா வெளிய வர முடியலை. அப்பா தினமும் வேலைக்குப் போகறதுக்கு முன்னாடி கதவுக்கு வெளிய வந்து நிப்பார். தட்ட மாட்டார், பேச மாட்டார். அவர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அவர் நிக்கறார்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும். நான் இப்ப உன் கதவுக்கு வெளிய நிக்கறேன். சரியா?"

ஏழாவது மாடியில் அப்பா நின்றுவிட்டார். தான் அங்கே நின்றது அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஓடினார்.

இயந்திர அறைக் கதவைத் திறந்தபோது அவருக்கே நெஞ்சு தடதடத்தது. உஸ் உஸ் என்று மூச்சு வாங்கியது. முதன்முறையாக அந்தச் சத்தத்தைத் தன் வாயிலிருந்தே கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. கையை நீட்டி மெயினை அணைத்தார்.

"பட்டாணி, நான் தயார். அவளைப் பின்னால அனுப்பு. குதிக்க மட்டும் சொல்லாதே, பெட்டி ஆடும்."

"சரிப்பா." பிறகு கதவைப் பார்த்து: "தங்கச்சி, நெஞ்சு சும்மா அடிச்சிட்டு கிடக்கு, அதுக்கு ஒரு வேலை கொடுப்போமா? மெதுவாத் திரும்பு. பின்பக்கச் சுவர் கைக்குக் கிடைக்குதா? ரெண்டு உள்ளங்கையையும் அதுல வை. தண்டால் எடுப்பாங்கல்ல, அதையே நின்னுக்கிட்டு சுவர்ல எடு. முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவர்கிட்ட கொண்டு போ. இப்ப தள்ளு. தள்ளறப்போ வாயால மூச்சை வெளிய விடு. ஊதற மாதிரி. நானும் இங்க இந்தச் சுவர்ல எடுக்கறேன். சேர்ந்து பண்ணலாம்."

கண்ணாடியில் தெரிந்த பள்ளி ஷூக்கள் தயங்கின. ஒன்று நகர்ந்தது. பிறகு மற்றது. இருட்டுக்குள் இரண்டும் மறைந்தன.

"மடக்கு... தள்ளு. ஊது. நல்லா. மறுபடி."

உள்ளிருந்து ஊதும் சத்தம் வந்தது. முதலில் உடைந்து உடைந்து, பிறகு நீளமாக.

"கை வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். வலி தெரியுதுன்னா விரல் மரத்துப்போகலைன்னு அர்த்தம். இன்னும் தள்ளு." போனைக் கன்னத்தோடு அழுத்தி, "அப்பா, இப்ப இறக்குங்க. அவ கதவுகிட்ட இல்லை" என்றாள்.

அப்பா பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைத் திருப்பினார். பெட்டி முனகியது.

"நகருதுக்கா!" உள்ளே மறுபடி அலறல்.

"நகரட்டும். எங்க அப்பா கையாலதான் நகர்த்தறார். நீ சுவரை விடாதே. தள்ளு, ஊது."

கொஞ்சம் கொஞ்சமாக, மாடி மட்டத்தைக் காட்டுவதற்காகக் கயிற்றில் போட்டிருந்த மஞ்சள் அடையாளம் சரியான இடத்துக்கு வரும்வரை சக்கரத்தைத் திருப்பி, பிரேக்கைப் போட்டுவிட்டு, அப்பா படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். சாவியைக் கதவின் மேல்மூலையில் செருகித் திருப்பினார். கதவு திறந்தது. பெட்டியின் தரையும் மாடியின் தரையும் நூல் பிடித்தது போல ஒரே மட்டத்தில் இருந்தன.

உள்ளே ஒரு சின்னப் பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, இரட்டைப் பின்னல் ஆட, இன்னும் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"போதும் தங்கச்சி. சுவர் பாவம்" என்றாள் பட்டாணி.

அந்தப் பெண் திரும்பினாள். ஓடிவந்து பட்டாணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாடியிலிருந்து ஓடிவந்த அவளுடைய அம்மா இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க டாக்டரா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"சேச்சே. காலேஜுக்கே இன்னைக்குத்தான் திரும்பப் போறேன். அதுவும் லேட்டு."

வண்டியருகே வந்ததும் அப்பா கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பட்டாணி வண்டிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவர் கண்ணிலிருந்து தப்பவில்லை.

"இன்னைக்கு வீட்டுக்குப் போயிடலாமா? நாளைக்குப் போயிக்கலாம் காலேஜுக்கு. ஒரு நாள்தானே?"

அவள் கல்லூரியை நினைத்துப் பார்த்தாள். வகுப்பு தொடங்கியிருக்கும். கதவைத் திறந்தால் அத்தனை தலைகளும் திரும்பும். வருஷம் முழுக்க அவள் கனவில் வந்து பயமுறுத்திய காட்சியே அதுதான்.

"ஒரு நாள்னுதான்ப்பா போன வருஷமும் வீட்டுல உக்காந்தேன். போகலாம்."

கல்லூரி வராந்தாவின் கோடியில் அப்பா நின்றுகொண்டார். அதற்கு மேல் அவள் வரவிடவில்லை. மூடிய வகுப்புக் கதவு முன்னால் பட்டாணி நிற்பது தெரிந்தது. அவள் கை நெஞ்சுக்குப் போனது. அப்பாவின் கால் தானாக ஓரடி முன்னால் போனது. ஆனால் அவள் வாயைக் குவித்து நீளமாக ஊதினாள். தோளைக் குலுக்கினாள். கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே பேச்சு நின்றது. அவள் நினைத்த மாதிரியே அத்தனை தலைகளும் திரும்பின.

"என்னம்மா இவ்வளவு லேட்டு?" என்றார் ஆசிரியர்.

"லிஃப்ட் மாட்டிக்கிச்சு சார்."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம கட்டடத்துல லிஃப்டே கிடையாதேம்மா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வராந்தாக் கோடியில் அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு விநாடிதான். அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து இன்னொரு சிரிப்பு உரக்கக் கிளம்பியது. வாசல் மிதியடியில் விழுந்து கிடந்தபோது சிரித்தாளே, அதே கெக்கெக்கே. "வேற பில்டிங்ல சார்!" என்றாள் பட்டாணி, சிரிப்புக்கு நடுவே. ஒருத்தி பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

அப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார். கல்லூரிப் பணியாளர் ஒருவர் வந்து, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார்.

"பார்த்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மத்தியானம் பேருந்தில் கூட்டம் குறைச்சல். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எங்க பில்டிங்ல காலையில ஒரே களேபரம். ஒரு பொண்ணு லிஃப்டுல மாட்டிக்கிட்டு வெறி பிடிச்ச மாதிரி உதைக்குது. நாங்க கத்தின கத்துக்கு ஒண்ணும் நடக்கலை. மெக்கானிக்கோட மகள்னு ஒருத்தி வந்தா பாருங்க. நெட்டையா, ஒல்லியா. கதவுகிட்ட நின்னு என்னமோ பேசினா. படியில ஒளிஞ்சு கேட்டேன், சுவரைத் தள்ளச் சொன்னா. அந்தக் குழந்தை அப்படியே அடங்கிடுச்சு!"

சிக்னலில் வண்டி நின்றது. அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு நீலப் பை மாட்டியிருந்தாளா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜிப் சரியா மூடாம தொங்கிட்டு இருந்துதா?"

"அதேதான்!"

"அது என் பொண்ணு" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. "போகலாம்மா, பச்சை விழுந்தாச்சு" என்று யாரோ சொன்னார்கள். அம்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, இத்தனை வருஷ வேலையில் முதல்முறையாக, சாலையில் எதிரே யாருமே இல்லாதபோது ஒரு நீண்ட ஹாரன் அடித்தாள்.

சாயங்காலம் மூவரும் வீட்டில் இருந்தார்கள். மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா பஸ் கதையைச் சொல்ல, பட்டாணி லிஃப்டே இல்லாத கட்டடத்தின் கதையைச் சொல்ல, அப்பா ஒர்க்‌ஷாப்பில் இதுவரை இந்தக் கதையைக் கேட்காத ஆளே பாக்கியில்லை என்று ஒப்புக்கொண்டார்.

"பார்ட்னர்கிட்ட சொல்லிட்டேன். நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேணாம், எனக்கு வேற ஆள் கிடைச்சாச்சுன்னு."

"ஐயே, எனக்குக் கிரீஸ் நாத்தம் ஒத்துக்காது" என்றாள் பட்டாணி.

சிரிப்பு அடங்கியபோது அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தின அன்னைக்கு நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ மூச்சு வாங்கினது இன்னும் என் காதுல இருக்கு. அதான் நீ ஓடிட்டு வந்து நிக்கறப்போ என்னால கேக்க முடியலை. ஓட்டம் பிடிக்காம இல்லைம்மா."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"எப்படிச் சொல்றது? உன் மூச்சுச் சத்தம் எனக்குப் பயமா இருக்குன்னா?" அவர் மகளைப் பார்த்தார். "இன்னைக்கு அந்த எட்டு மாடி ஏறினேனே, எனக்கும் அதே சத்தம் வந்துது. நீ போன்ல சொல்லிக்கிட்டே இருந்தே, வெடிக்காது, அடங்கிடும்னு. அடங்கிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த மைதானத்துல வயசானவங்களை விடுவாங்களா?" என்று கேட்டார்.

"வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு வந்தா விடுவாங்க" என்றாள் அம்மா.

பட்டாணி எழுந்து போய் அப்பாவின் நரைத்த தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பரிசு வாங்கியவர் புகைப்படத்துக்கு உட்காருவது போல.

அப்போதுதான் போன் மணி. அண்ணன். தூரத்து நகரத்தில் வேலை பார்க்கும் மூத்த பிள்ளை. வீட்டில் யாருக்கும் எந்தக் கவலையும் கொடுக்காதவன் என்று பெயர் வாங்கியவன். மத்தியானமே அப்பா அவனுக்குத் தகவல் அனுப்பியிருந்தார். அம்மா போனை வாங்கி முழுக்கதையையும் ஹாரன் உட்பட மறுபடி சொன்னாள். "ம்" என்றான். "ரொம்ப சந்தோஷம்மா" என்றான். "அவகிட்ட கொடு" என்றான்.

பட்டாணி போனைக் காதில் வைத்தாள்.

"கலக்கிட்டே பட்டாணி" என்றான் அண்ணன்.

வார்த்தை சரியாகத்தான் இருந்தது. குரல்தான் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைத்து எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் முழுக்க அது அவளுடைய குரலாக இருந்தது.

அவள் போனோடு வெளியே மாடிப்படிக்கு வந்து, கதவை மெல்லச் சாத்தினாள். உள்ளே அம்மாவும் அப்பாவும் சிரிப்பது லேசாகக் கேட்டது.

"அண்ணா, இன்னைக்கு ஆபீஸ் போனியா?"

"லீவு."

"நேத்து?"

"அங்க மழையா?" என்றான்.

"சாப்பிட்டியா?"

"வச்சிடறேன் பட்டாணி. அம்மாகிட்ட எதுவும்..."

"வைக்காதே." அவள் படியில் உட்கார்ந்தாள். "நான் எங்கேயும் போகப் போறதில்லை. எதுவும் கேக்கவும் மாட்டேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு."

தெருவில் ஒரு வண்டி போனது. எங்கோ ஜன்னல் ஒன்றை மூடினார்கள். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு அண்ணன் சொல்ல ஆரம்பித்தான்.